ஓடலன்னா நான் அங்க யாரு சார்? – பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளின் மனநலம் பற்றி ஒரு யோசனை வேண்டும்

விசில் மாஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், 14 வருடம் ஆகிறது. தடகளம்தான் எனக்குத் தெரிந்த தொழில். குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று சீசன் ஆரம்பித்துவிட்டால் வீட்டையே மறந்துவிடுவேன். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் 400 மீட்டர் ஓடும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் குடியரசு தினத் தடகளப் போட்டியில் மாநிலம் வரை போனவள். பதினொன்றாவது சேர்ந்த கொஞ்ச நாளில் தொடையின் பின்பக்கத் தசை, அந்த ஹாம்ஸ்ட்ரிங், பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். "ரெஸ்ட் எடும்மா, சரியானதும் வா" என்று அனுப்பினேன். அதோடு அவளை மறந்துவிட்டேன். மற்ற 18 பிள்ளைகளுக்கு நுழைவுப் படிவம், வயதுச் சான்று, பஸ், சாப்பாடு என்று அலைந்ததில் அவள் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

அக்டோபரில் ஒருநாள் அவளோடு ரிலே ஓடும் பிள்ளை வந்து, "சார், அவ ரெண்டு வாரமா ஸ்கூலுக்கே வரல" என்றாள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார், பாட்டி மட்டும் இருந்தார். ராத்திரி தூங்குவதில்லை, பகலில் எழுந்திருப்பதில்லை, சோறு பாதிக்கு மேல் இறங்குவதில்லை என்றார். ஓடும்போது போடும் ஆணி ஷூ, அந்த ஸ்பைக்ஸ், எங்கே என்று கேட்டேன். பரணைக் காட்டினார். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மெடல்களோடு சேர்த்து ஏற்றி வைத்திருந்தாள். ஆணிகளில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவித் துடைத்திருந்தாள். இனி தொடுவதில்லை என்று முடிவு செய்த ஒரு பொருளை எப்படி வைப்போமோ அப்படி வைத்திருந்தாள்.

"ஓட முடியலன்னா என்னம்மா, கிரவுண்டுக்கு வந்து சும்மா உக்காந்திருக்கலாம்ல?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓடத்தான சார் கிரவுண்டு. ஓடலன்னா நான் அங்க யாரு?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இரண்டு மாதமாக நான் நடந்துகொண்ட விதமே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

அதன்பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். இப்போது பள்ளிக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள். கிரவுண்டு பக்கம் இன்னும் வரவில்லை.

இந்த வருடம் சீசனுக்கு முன்னால் ஏதாவது செய்ய நினைக்கிறேன். தலைமை ஆசிரியரிடம் பேசினேன். நல்ல மனிதர். "வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒருநாள் விழிப்புணர்வு முகாம் வைத்துவிடலாம், பேனர் நான் அடித்துத் தருகிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு அந்த முகாம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. கிரவுண்டிலேயே, தினமும், என்னைப் போன்ற ஒரு பி.டி. வாத்தியாரால் செய்ய முடிந்தது என்ன? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

—

பழைய ரெய்டர்:

சார், உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நான் கபடி. விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தவன். பன்னிரண்டாவது படிக்கும்போது இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் போனது. போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கால் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வலியைத் தாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்தபிறகு நடந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. டீக்கடை, பஸ் ஸ்டாப், கோயில் வாசல், எங்கே போனாலும் ஒரே கேள்வி: "எப்படா மறுபடி ஆடுவ?" பாசமாகத்தான் கேட்டார்கள். ஒரு மாதம் பதில் சொன்னேன். அப்புறம் டீக்கடை வழியே போவதை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அப்புறம் வெளியே போவதையே விட்டுவிட்டேன். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆறு வருடம் ஆனது.

விடுதியில் என் கூட ஆடியவர்களில் ஒருவன்கூடப் போன் செய்யவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அடிபட்டவனிடம் பேசினால் அது நமக்கும் வந்துவிடும் என்று ஆடுகிறவர்களுக்குள் ஒரு பயம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் ஒன்றுதான் சார். அடிபட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். டாக்டர் ஓடக்கூடாது என்றுதான் சொல்வார், கிரவுண்டுக்கே வரக்கூடாது என்று சொல்ல மாட்டார். ஒரு வேலை கொடுங்கள். ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள், ஸ்டாப்வாட்ச் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வார்ம் அப் சொல்லித்தரச் சொல்லுங்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலையாக இருக்கக்கூடாது. அவன் இல்லாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி நின்றுபோகிற மாதிரி வேலையாக இருக்க வேண்டும்.

—

ஓய்வுபெற்ற கோச்:

31 வருடம் பயிற்சி கொடுத்தவன் என்ற உரிமையில் ஒரு மாற்றுக் கருத்து. யாரையும் புண்படுத்த அல்ல.

பிள்ளைகள் மீது அக்கறை வேண்டும், சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் மனநலம் என்று பெயர் வைக்க ஆரம்பித்தால் பயிற்சி எங்கே நடக்கும்? தோற்றால் அழத்தான் செய்வான். ஓட்டத்துக்கு முன் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதைத் தாண்டக் கற்றுக்கொடுப்பதுதானே விளையாட்டு? "உனக்கு மனசு சரியில்லையா, சரி போய் உட்கார்" என்றால் அந்தப் பிள்ளை என்றைக்கு அதைத் தாண்டும்?

இரண்டாவது, நம் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் விளையாட்டு கோட்டா இருக்கிறது. ஒரு சர்டிபிகேட்டால் ஒரு குடும்பமே மேலே வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வாய்ப்பு மூன்று நான்கு வருடம்தான் திறந்திருக்கும். அதில் மென்மையாக நடந்துகொண்டு ஒரு வருடத்தை விட்டால் யார் பொறுப்பு?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு பிள்ளை மனநல டாக்டரைப் பார்க்கிறாள் என்று தேர்வுக் குழுவில் ஒருவருக்குக் காதில் விழுந்தால் போதும். "பிரஷர் தாங்காது, அடுத்த பேரைப் போடு" என்பார்கள். நேரில் கேட்டிருக்கிறேன். உதவி செய்கிறேன் என்று அந்தப் பிள்ளை நெற்றியில் நாமே முத்திரை ஒட்டிவிடக்கூடாது.

—

நீளம் தாண்டுறவன்:

நான் பன்னிரண்டாவது படிக்கிறேன், நீளம் தாண்டுதல், அப்புறம் ஊர் கபடி டீம். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

கோச் ஐயா, தோற்றால் அழுவது பரவாயில்லை. இப்போது தோற்றால் அதோடு முடிவதில்லை. எங்கள் பக்கம் கபடிப் போட்டி எல்லாவற்றையும் யூடியூபில் நேரலை போடுகிறார்கள். போன தைக்குக் கடைசி ரெய்டில் நான் மாட்டினேன். மறுநாள் காலையில் பாத்ரூமில் பல் விளக்கும்போது என் வீடியோ எனக்கே வந்தது, கீழே கோமாளிப் பாட்டுப் போட்டு. அனுப்பியது என் கிளாஸ் பையன். பள்ளியில் நுழையும்போது கேட்டிலேயே சிரித்தார்கள். நாற்பது நாள் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்குக் கை வேர்க்கும்.

எங்களுக்கு ஸ்பீச் வேண்டாம் சார். அன்றைக்கு எங்கள் பி.டி. சார் ஒன்றுமே பேசவில்லை. பெல் அடித்தபிறகு கேலரி படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றார், எனக்கும் கொடுத்தார். பாக்கெட் முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எழுந்து போகும்போது "நாளைக்கு ரன்அப் மார்க் புதுசா எடுக்கணும், டேப் எடுத்துட்டு வா" என்றார். நாளைக்கு என்று சொன்னார் பாருங்கள், அது எனக்குப் போதுமாக இருந்தது.

—

மாவட்ட மனநலப் பிரிவு உளவியலர்:

அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிறேன். கோச் ஐயா கேட்ட மூன்றும் நியாயமான கேள்விகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓட்டத்துக்கு முன் வயிற்றைக் கலக்குவது நோய் இல்லை. அது உடம்பு தயாராவது. இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், இரண்டு தடவை பாத்ரூம் போகத் தோன்றும். துப்பாக்கி வெடித்ததும் போய்விடும். அதைத் தாண்டக் கற்றுக்கொடுப்பது கோச்சின் வேலைதான், அதில் எனக்கும் ஐயாவுக்கும் ஒரே கருத்து. நான் கவலைப்படுவது போட்டி முடிந்தபிறகும் போகாததைப் பற்றி. தூக்கம், சாப்பாடு, சிரிப்பு, சேர்ந்து பழகுவது, படிப்பில் கவனம், இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகக் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், அது மன உறுதி இல்லாததால் வருவது அல்ல. கால் எலும்பில் விரிசல் விட்ட பிள்ளையை "மனசைத் தைரியமா வச்சு ஓடு" என்று சொல்வீர்களா? இதுவும் அப்படித்தான்.

பையன்களிடம் சோகம் சோகமாகவே தெரியாது. எரிச்சலாக வரும். எதற்கெடுத்தாலும் சண்டை, அம்பயரிடம் வாக்குவாதம், சின்ன அடிக்கு ஒரு வாரம் லீவு. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் முதலில் பார்ப்பது நீங்கள்தான், கணக்கு வாத்தியார் அல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை நாற்பது பேரில் ஒருத்தியாக மறைந்துகொள்ளலாம். கிரவுண்டில் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். 60 விநாடியில் ஓடுகிறவள் காரணமே இல்லாமல் மூன்று வாரமாக 64 ஓடினால், "ஏன் ஸ்லோ ஆயிட்ட" என்று கேட்பதற்கு முன் "தூங்குறியாம்மா" என்று கேளுங்கள்.

தூக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, ராத்திரி ஒன்பதரை வரை டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம், அதன்பின் போன். என்னிடம் வரும் விளையாட்டுப் பிள்ளைகளில் பலர் ஐந்து மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மருந்து, ஆலோசனை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்பது இதைத்தான்.

நெற்றியில் ஒட்டிவிடும் என்ற பயம். உண்மை, அப்படி நடக்கிறது. அதனால்தான் விஷயத்தைப் பரப்பக்கூடாது என்கிறேன். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரம் ரகசியம் என்று தெளிவாகவே இருக்கிறது. டீமிடம், ஸ்டாஃப் ரூமில், தேர்வுக் குழுவிடம் ஒரு வார்த்தை போகக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னாலோ, யாரோ அவளைத் துன்புறுத்துவதாகச் சொன்னாலோ, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைக் காப்பாத்துறவங்க கிட்ட மட்டும் சொல்வேன், நீ இருக்கும்போதே சொல்வேன்" என்று சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஏதாவது காதில் விழுந்தால் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அது தவறு. கேட்டபிறகு அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே வீட்டாரோடும் மருத்துவமனையோடும் பேசுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உங்கள் கிரவுண்டு ரூம் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பிள்ளை கூப்பிடலாம், நீங்களும் கூப்பிட்டு "இப்படி ஒரு பிள்ளை, நான் என்ன செய்ய" என்று கேட்கலாம்.

—

தடகளப் பிரியன்:

கோச் ஐயாவுக்கு ஒன்று நினைவூட்டலாம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் பாதியில் விலகினார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றார். கோழை என்று எழுதினார்கள். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. விலகினால் முடிந்துபோகும் என்பது கட்டாயம் இல்லை.

நம் ஆள், துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்றபிறகுதான் அவருக்கு உள்ளே பெரிய வெறுமை வந்தது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோற்றவனுக்கு மட்டும் வருவதில்லை இது. நம் சென்னைப் பையன் குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆனதற்குப் பின்னால் பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளரின் உதவியும் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீன வீரர் டிங் லிரென், 2023-இல் பட்டம் வென்றபிறகு மனச்சோர்வில் இருந்ததை மறைக்கவே இல்லை. உச்சத்தில் இருப்பவர்களே உதவி கேட்கும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன வெட்கம்?

—

பழைய ரெய்டர்:

தடகளப் பிரியன் அண்ணே, இந்தக் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊர்ப் பையனிடம் பைல்ஸ் கதையைச் சொன்னால் "அவங்க ஏற்கெனவே ஜெயிச்சாச்சுல்ல" என்பான். அவர் விலகியபோது வீட்டில் ஏற்கெனவே நான்கு ஒலிம்பிக் தங்கம் இருந்தது. இவன் விலகினால் வீட்டில் என்ன இருக்கிறது? பெரிய பெயர்களைச் சொல்லி வெட்கத்தைப் போக்கலாம், பயத்தைப் போக்க முடியாது. கோச் ஐயா சொன்ன அந்த மூன்று நான்கு வருடம் என்ற பயம் நிஜமானது. என்னோடு ஆடி, அடிபட்டு, பிறகு டிப்ளமோ படித்து, இப்போது குடும்பம் நடத்தும் ஒருவனைக் கூட்டி வந்து பேசச் சொல்லுங்கள். ஆட்டம் போனாலும் ஆள் இருக்கிறான் என்று கண்ணால் பார்க்கட்டும்.

—

ஷட்டில் அம்மா:

நான் வாத்தியார் இல்லை, அம்மா. மகள் ஒன்பதாவது, பேட்மிண்டன். பெற்றோர் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் தவறு செய்தது நான்.

மேட்ச் முடிந்ததும் ஸ்கூட்டியில் கிளம்புவோம். வீடு 11 கிலோமீட்டர். வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே ஆரம்பிப்பேன். "அந்த நெட் ஷாட்டை ஏன் விட்ட? பேக்ஹேண்டுக்கு ஏன் போன? பதினேழு பதினாலு லீடிங்ல இருந்து எப்படித் தோத்த?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓட்டுவேன். அவளிடமிருந்து பதிலே வராது. கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கேட்பேன். ஒருநாள் சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் என் பின்னால் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ள அழுவுது" என்றார். அத்தனை நாளும் அவள் என் முதுகில் நெற்றியை வைத்து அழுதுகொண்டு வந்திருக்கிறாள். வியர்வை என்று நினைத்திருக்கிறேன். என் சுடிதார் முதுகில் ஈரமாக இருக்கும்.

இன்னொன்று. ஒரு கோச், பெயர் வேண்டாம், "வெயிட் கொஞ்சம் குறைச்சா கோர்ட்ல பறப்பா" என்று அவள் முன்னால் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பசிக்கவில்லை என்பாள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை. அதை அந்த கோச்சிடம் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னபோது, "ஸ்போர்ட்ஸ் பிள்ளைங்களுக்கு அப்படித்தான், நல்லதுதான்" என்றார். நானும் நம்பினேன். உளவியலர் மேடம், இது நல்லதா?

—

மாவட்ட மனநலப் பிரிவு உளவியலர்:

இல்லம்மா, நல்லது இல்லை. எரிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும். மாதவிடாய் நிற்பது அதன் எச்சரிக்கை. எலும்பு வலுவிழக்கும், விரிசல் விடும், மனமும் சேர்ந்து சோர்ந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்தது. பையன்களுக்கும் வரும், அவர்களிடம் எச்சரிக்கை மணி இவ்வளவு தெளிவாக அடிக்காது, அவ்வளவுதான். உடனே மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் வரவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் கட்டாயப்படுத்திச் சண்டை போடாதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வண்டியில் நடந்ததை இங்கே எழுதினீர்களே, அதையே அவளிடமும் சொல்லுங்கள். நான் செய்தது தப்பு என்று அம்மா வாயால் கேட்பது மருந்து மாதிரி.

—

பெண்கள் பள்ளி பி.டி. டீச்சர்:

எல்லோரும் அடிபடுவதையும் தோற்பதையும் பேசுகிறீர்கள். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளை திடீரென்று "இனி வரமாட்டேன்" என்றால், அதற்குக் காரணம் கிரவுண்டிலேயே இருக்கும் ஆளாகவும் இருக்கலாம். வெளியூர்ப் போட்டியில் தங்கும் இடம், மசாஜ் என்ற பெயரில் தொடுவது, ராத்திரி வாட்ஸப்பில் தனியாக மெசேஜ். போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது குற்றம். பள்ளிப் பெயர் கெடும் என்று மூடி வைப்பவர்களையும் சேர்த்துத்தான். 1098 குழந்தைகள் உதவி எண், அதையும் சுவரில் எழுதுங்கள் விசில் மாஸ்டர் சார். வெளியூர்ப் பயணத்தில் பெண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டு வாங்கியபிறகு, பாதியில் விட்டுப்போன இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று அதற்கப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள்.

—

விசில் மாஸ்டர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், குறுவட்டப் போட்டி முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

முகாமும் நடந்தது. தலைமை ஆசிரியர் ஆசையைக் கெடுக்கவில்லை. பேனர் நன்றாகவே இருந்தது.

கிரவுண்டில் இரண்டு காரியம். பயிற்சி முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தசையை இழுப்போம் இல்லையா, அந்த ஐந்து நிமிடம். கண்ணை மூடச் சொல்லி, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, விரல்ல காட்டுங்க" என்பேன். பிறகு "இன்னைக்கு மனசு எப்படி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்" என்பேன். யாரும் யாரையும் பார்க்க முடியாது, நான் மட்டும் பார்ப்பேன். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே பென்சிலால் இரண்டு எண். முதல் வாரம் எல்லோரும் அஞ்சு அஞ்சு என்று காட்டினார்கள். நான் கேட்டு, திட்டாமல், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டே போவதைப் பார்த்தபிறகு இரண்டாவது வாரத்தில் மூன்றுகள் வந்தன. நான்காவது வாரம் குண்டு எறியும் பையன் ஒருவன், பள்ளியிலேயே பெரிய உடம்பு, ஒரே ஒரு விரலைக் காட்டினான். மற்றவர்கள் போனபிறகு குண்டுகளைத் துடைக்க வா என்று கூப்பிட்டேன். வீட்டு விஷயம். இங்கே எழுத முடியாது. 14416-க்கு நாங்கள் இருவரும் சேர்ந்து என் போனிலிருந்து பேசினோம். மறுநாள் நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

ஒன்றும் சரியாகாததும் உண்டு. ஒரு பிள்ளையின் அப்பா வந்து, "என் மக பைத்தியமா? எதுக்கு விரல் காட்டச் சொல்ற?" என்று சத்தம் போட்டுவிட்டு அவளைத் தடகளத்திலிருந்தே எடுத்துவிட்டார். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. மறுபடி போவேன்.

இரண்டாவது காரியம், ரெய்டர் தம்பி சொன்னது. அடிபட்ட பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இப்போது மூன்று பேர். அதில் ஒருத்திக்கு ஸ்டாப்வாட்ச்.

400 மீட்டர் பிள்ளையைத்தான் சொல்கிறேன். "ஓடச் சொல்லி உன்னைக் கூப்பிடல. 200-ல நின்னு பாதி தூர டைம், அந்த ஸ்பிளிட், எடுக்க எனக்கு ஆள் இல்ல, நான் ஃபினிஷ்ல நிக்கணும், நீதான் செய்யணும்" என்றேன். உண்மையும் அதுதான், ஆள் இல்லை. மூன்று நாள் வரவில்லை. நான்காவது நாள் செருப்போடு வந்து நின்றாள். முதல் நாள் எண்ணை மெதுவாகச் சொன்னாள், ஓடுகிறவர்களுக்குக் கேட்கவில்லை. இப்போது எதிர்ப்பக்கம் நிற்கும் எனக்கே கேட்கிறது. போன வாரம் ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி, "வளைவுல தோளை இறுக்காத, கை கீழே இருக்கட்டும்" என்று அவள் தோளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து நாலு வருடம் இருக்கும். மறுபடி ஓடுவாளா தெரியாது. கேட்கவும் இல்லை.

—

ஷட்டில் அம்மா:

மருத்துவரைப் பார்த்தோம். சாப்பாடு கொஞ்சம் தேறியிருக்கிறது. வண்டியில் இப்போது மேட்ச் பேச்சு இல்லை. முதல் நாள் அவளே பொறுக்க முடியாமல், "அம்மா, எதையாவது திட்டேன்" என்றாள். வழியில் நிறுத்தி இரண்டு பேரும் இளநீர் குடித்தோம்.

—

ஓய்வுபெற்ற கோச்:

விசில் மாஸ்டர், விரல் காட்டும் முறையில் எனக்கு முழுச் சம்மதம் இன்னும் இல்லை. அந்த அப்பா கேட்ட கேள்வியை நாளைக்குப் பத்து அப்பாக்கள் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். சீசன் தொடங்கும்போதே பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

இதை எழுத வந்த காரணம் வேறு. 1994-இல் என்னிடம் 800 மீட்டர் ஓடிய பையன் ஒருவன் இருந்தான். முழங்கால் போனது. அந்த வருடப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அப்படித்தான் வழக்கம், புதுப் பெயர் எழுத இடம் வேண்டும். இந்த இழையைப் படித்தபிறகு அந்தக் கோடு கண்ணிலேயே நின்றது. அவன் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து எண் வாங்கினேன். முந்தாநாள் பேசினேன். குரலைக் கேட்டதுமே "சார்" என்றான், பெயர் சொல்லவே தேவைப்படவில்லை. இருபது நிமிடம் பேசினோம். இருபது நிமிடமும் நான் முழங்காலைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உளவியலர் அம்மா, போய் உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்க வேண்டும்?

—

மாவட்ட மனநலப் பிரிவு உளவியலர்:

ஒன்றும் கேட்க வேண்டாம் ஐயா. அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவர் பேசுவார். நடுவில் பேச்சு நின்றால் நிற்கட்டும், உடனே நிரப்ப வேண்டாம். பழைய பதிவேடு இன்னும் உங்களிடம் இருந்தால் கையில் எடுத்துப் போங்கள்.

—

ஓய்வுபெற்ற கோச்:

இருக்கிறது. எடுத்துப் போகிறேன்.